ருக்மிணி மாமி கார்டை முடுக்கிய வாரம்

ருக்மிணி மாமி இதுவரை எத்தனை சமையலறைகளைக் கட்டியிருப்பாள் என்று அவளுக்கே தெரியாது. ஒன்றிலும் அவள் கால் வைத்ததில்லை. தில்லி கீர்த்தி நகரில் மாடுலர் கிச்சன் செய்து தரும் கடைகள் வரிசையாக இருக்கின்றன. கடைக்காரர் வாடிக்கையாளர் வீட்டின் அளவுகளை அனுப்பினால், மாமி அலமாரியிலிருந்து அடுப்பு மேடை, சிம்னி, ஜன்னல் வழியே சாயும் வெயில் வரை எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் அமைத்து நிஜம் போல ஒரு படமாக்கிக் கொடுப்பாள். பணம் கட்டுவதற்கு முன்னால் ஜனங்கள் அந்தப் பொய்ச் சமையலறைக்குள் ஒரு நடை நடந்து பார்த்துவிட வேண்டும். அவ்வளவுதான் தொழில்.

மாமி என் அம்மாவின் அண்ணா சுந்தரேசன் மாமாவின் மனைவி. மாமாவுக்கு மத்திய சர்க்கார் உத்தியோகம். கோல் மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் பழைய குவார்ட்டர்ஸ். நொய்டாவில் வேலை கிடைத்து வந்த நான் அவர்கள் வீட்டுப் பின்னறையில் தங்கியிருக்கிறேன். வாரத்தில் பாதி நாள் எனக்கும் வீட்டிலிருந்தே வேலை. அதனால் அந்த மே மாத வாரத்தை முழுசாகப் பார்க்கும்படி ஆயிற்று.

மாமிக்கு ஐம்பத்திரண்டு வயது. புசா ரோடு பள்ளியில் சில வருஷம் ட்ராயிங் சொல்லிக் கொடுத்தாள். பிறகு வீடுதான். ஒரே பிள்ளை அஷ்வத் மேல்படிப்புக்கு கனடாவில் கால்கரிக்குப் போனபோது, விளையாடுவதற்காக அவன் பார்த்துப் பார்த்து வாங்கிய கம்ப்யூட்டர் ஹாலின் மூலையில் நின்றுபோனது. முதலில் தூசி தட்டத்தான் மாமி அதன் பக்கம் போனாள். பிறகு உட்கார்ந்தாள். பிறகு எழுந்திருக்கவேயில்லை என்று மாமா சொல்வார்.

அந்தப் பெட்டிக்குள் இருக்கும் கிராஃபிக்ஸ் கார்டுதான் படத்தை வரைவது. ஒரு நொடி நடைக்கு இருபத்துச் சொச்சம் படம் வேண்டும். ஒவ்வொரு படத்திலும் வெளிச்சம் எங்கே பட்டு எங்கே தெறிக்கிறது என்று அது கணக்குப் போட்டுப் போட்டு வரையும். ஸ்டீல் பாத்திரம் ஒன்றை மேடைமேல் வைத்துவிட்டால் இன்னும் நேரமாகும். மாமி அடுப்பில் குக்கரை ஏற்றுவது போல இங்கே படத்தை ஏற்றிவிட்டு உள்ளே போவாள், வருவாள், எட்டிப் பார்ப்பாள், உச்சுக் கொட்டுவாள்.

திங்கட்கிழமை திங்க்ரா போன் செய்தார். மாமிக்கு ஒழுங்காக வேலை கொடுத்துக்கொண்டிருந்த கடைக்காரர் இப்போது அவர் ஒருத்தர்தான்.

"பெஹன்ஜி, சனிக்கிழமை காலையில ரஜௌரி கார்டன் பார்ட்டி கடைக்கு வருது. பெரிய கிச்சன். முழு நடையும் வேணும். முடியலைன்னா சொல்லிடுங்க, மோஹித் பண்ணிடுவான். நீங்க ஆராம் கரோ."

போனை வைத்துவிட்டு மாமி வெகுநேரம் அதன்மீதே கையை வைத்திருந்தாள்.

"ஆராம் கரோங்கறான்டா. ஓய்வெடுத்துக்கோன்னு எனக்கு ரிடையர்மென்ட் கொடுக்கறான்."

"மோஹித் யாரு மாமி?"

"திங்க்ரா கடைக்குப் பக்கத்துச் சந்துல ஒரு பையன். ஏசி ஆபீஸ், புது கார்டு. பகல்ல சொன்னா சாயந்தரம் கொடுத்துடறான். அவன் போடற கிச்சன்ல ஜன்னல் ஒரு பக்கம், நிழல் இன்னொரு பக்கம் விழும். அதை யார் பாக்கறா?"

கார்டு போகிற வேகத்தில் போனால் ரஜௌரி கார்டன் சமையலறை ஞாயிற்றுக்கிழமைதான் முடியும். சனிக்கிழமை கொடுக்காவிட்டால் திங்க்ரா போய்விடுவார். திங்க்ரா போனால் மாமி மறுபடியும் தூசி தட்டத்தான் போக வேண்டும். அதனால் கார்டை அதற்கென்று வைத்திருக்கும் வேகத்துக்கு மேல் முடுக்குவது என்று முடிவாயிற்று. ஓவர்கிளாக் என்கிற வார்த்தை அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. அந்த வீட்டில் ஐந்தாறு வருஷம் சாப்பாட்டு வேளையில் அஷ்வத் அதைப் பற்றித்தான் பேசுவானாம்.

இங்கே சாயந்தரம் ஆனால் அவனுக்கு அங்கே காலை. வீடியோவில் தெரிந்தபோது ஜாக்கெட் போட்டுக்கொண்டு பல் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"பண்ணலாம்மா. ஆனா ஆஹிஸ்தா, மெதுவா பண்ணணும். முதல்ல கோர் வேகத்தை, அதான் கார்டு கணக்குப் போடற வேகத்தை, கொஞ்சம் ஏத்து. கால் மணி டெஸ்ட் ஓடவிடு. ஒண்ணும் ஆகலைன்னா இன்னும் கொஞ்சம். திரையில புள்ளி, கோடு எதாவது வந்தா ஒரு படி கீழ இறங்கிடு. மெமரியை அப்புறமா தனியா பண்ணு, ரெண்டையும் சேத்து ஏத்தாதே. ஹீட்டைப் பாத்துண்டே இரு."

"ஒவ்வொரு தடவையும் கால் மணியா? சனிக்கிழமைக்குள்ள டெஸ்டுதான்டா முடியும். நீ பண்ணி வெச்சதே ஒண்ணு இருக்கு போலிருக்கே? ரெண்டாம் நம்பர் பொத்தான்?"

"ஆமா, கிளம்பறதுக்கு முன்னாடி நான் செட் பண்ணினது. பாறை மாதிரி நின்னுது. அதை வேணா போட்டுப் பாரு. ஆனா கம்ப்யூட்டர் திறக்கும்போதே தானா போட்டுக்கோன்னு ஒரு டப்பா இருக்கும். அதுல மட்டும் டிக் பண்ணாதே."

"சரி சரி, பல்லைத் தேய்."

திரையில் ரெண்டாம் நம்பர் பொத்தானை அழுத்தினாள். விசிறிகள் ஒரு சுருதி மேலே ஏறின. படங்கள் நிஜமாகவே வேகமாக விழுந்தன. மாமி திரும்பி என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினாள். ஒரு மணி நேரம் ஒரு தொந்தரவும் இல்லை. அந்த சந்தோஷத்தில், தினமும் யார் பொத்தானை அழுத்திக்கொண்டிருப்பது என்று, அந்த டப்பாவில் டிக் போட்டுவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் கருப்பு கிரானைட் மேடைமேல் பச்சைப் புள்ளிகள் வந்தன. கொத்தமல்லியை நறுக்கிக் கொட்டியது போல. வெளியே லூ என்கிற அனல் காற்று அடித்துக்கொண்டிருந்தது. மூடிய ஜன்னல் கண்ணாடியைத் தொட்டால் தோசைக்கல் மாதிரி இருந்தது. மாமி கிரானைட்டில்தான் கோளாறு என்று நினைத்தாள். அந்தக் கல்லின் படத்தை எடுத்துப் பெரிதாக்கி, ஒவ்வொரு புள்ளியாகத் தேடினாள். புள்ளியே இல்லை. வேறு கல் போட்டாள். அதிலும் வந்தது. வெள்ளை மார்பிள் போட்டாள். அதில் இன்னும் நன்றாகத் தெரிந்தது.

"நீ ஏண்டா சுவத்தோட சுவரா நிக்கறே? எதாவது தோணினா சொல்லேன்."

"புள்ளி ஒரே எடத்துல இல்ல மாமி. அடுத்த படத்துல நகர்ந்துடறது. அலமாரிக் கதவுமேலயும் ரெண்டு இருக்கு."

அவள் ஒரு படத்தையும் அடுத்த படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். பிறகு கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தாள்.

"கல்லு தப்பில்லை. கார்டு தப்பாப் பாக்கறது." ஒரு மத்தியானம் முழுக்க இல்லாத கறையைத் தேய்த்துக் கழுவிய எரிச்சல் குரலில் இருந்தது. "இன்னிக்குப் போட்ட படமெல்லாம் குப்பை. மறுபடி போடணும்."

புதன்கிழமை மெமரி வேகத்தைக் கொஞ்சம் குறைத்தாள். புள்ளி போயிற்று. பாதி காலை கழிந்தபின் திரை கறுத்தது. கம்ப்யூட்டர் தானாக அணைந்து தானாகத் திறந்தது. முகப்புப் படம் வந்தது. மாமியின் விரல் மவுஸைத் தொடுவதற்குள் மறுபடி கறுப்பு. மறுபடி திறந்தது. மறுபடி. மாலையில் ஆபீசிலிருந்து வந்த மாமா, பையைக்கூடக் கீழே வைக்காமல் பின்னால் நின்று ரெண்டு சுற்று பார்த்தார்.

"ஏன் ருக்கு, அது வரதும் போறதுமா இருக்கே, உள்ள வரவா வேண்டாமான்னு யோசிக்கறதா?"

"ஏன்னா, இப்போ ஜோக் அடிச்சேள்னா நான் என்ன பண்ணுவேன்னு எனக்கே தெரியாது."

அஷ்வத் போனில் வந்ததும் முதல் கேள்வியே அதுதான். "அம்மா, அந்த டப்பாவுல டிக் பண்ணினியா?"

மாமி மவுஸின் வயரைச் சரிபண்ணினாள். அவன் புரிந்துகொண்டான். திறக்கும்போதே அந்த அதிக வேகத்தைத் தலையில் போட்டுக்கொண்டு எழுந்திருப்பதால்தான் விழுகிறதாம். கம்ப்யூட்டர் அரைகுறையாக விழிக்கிற சேஃப் மோடுக்குள் போய், வேகத்தை ஏற்றும் அந்த மென்பொருளையே எடுத்துவிட்டு மறுபடி போட வேண்டும். அவன் அங்கிருந்து சொல்லச் சொல்ல இங்கே மாமி செய்தாள்.

"அதை மட்டும் பண்ணாதேன்னுதானேம்மா சொன்னேன்."

"சொன்னே. உங்கப்பா குளிச்சுட்டுத் துண்டை எடுத்துண்டு வாடான்னா நீ ஒரு நாள் கொண்டுவந்திருக்கியா?"

கம்ப்யூட்டர் எழுந்துகொண்டது. மாமி மறுபடி அதே ரெண்டாம் நம்பருக்கு உரிய எண்களைக் கையாலேயே போட்டாள். டிக் போடவில்லை. அந்த அளவுக்குத்தான் பாடம் படித்தாள். பாறை மாதிரி நின்னுதுன்னு பிள்ளையே சொல்றான், பின்னே இப்போ ஏன் நிக்காது என்பது அவள் கட்சி. மென்பொருள் பழசு, மிக்ஸி போட்டால் வோல்டேஜ் இறங்குகிறது, மாமா போனை அதன்மேல் வைக்கிறார் என்று காரணங்கள் வந்துகொண்டேயிருந்தன. வியாழக்கிழமை காலை மாமா சட்னிக்கு மிக்ஸி போடக்கூடாது என்று உத்தரவாயிற்று. தொட்டுக்கொள்ளத் தயிர்தான்.

அந்தத் தயிரைச் சாப்பிட்டுக்கொண்டே மாமாவுக்கு ஒரு யோசனை வந்தது. திரையின் ஓரத்தில் கார்டின் சூடு எண்பதைத் தாண்டி நின்றதை அவர் கவனித்திருந்தார்.

"சூடுதான் ப்ராப்ளம்னா அதுக்கு ஆத்துலயே மருந்து இருக்கே."

மாமாவுக்கு ஏசி காற்று ஒத்துக்கொள்ளாது, இழுப்பு வந்துவிடும். அதனால் அந்த வீட்டில் கூலர்தான். ஜன்னலுக்கு வெளியே இரும்பு ஸ்டாண்டின் மேல் தகரப் பெட்டி, மூன்று பக்கம் புல் தட்டி, அதன்மேல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர், நடுவில் பெரிய விசிறி. தில்லியில் பாதி வீடு அந்த ஈரக் காற்றில்தான் கோடையைத் தள்ளுகிறது. மாமா அன்றைக்கு லீவு போட்டார். பரணிலிருந்து ஒரு அட்டைப் பெட்டியை இறக்கி, ரெண்டு பக்கமும் வெட்டி, கூலர் வாயிலிருந்து கம்ப்யூட்டர் வரைக்கும் ஒரு குழாய் மாதிரி ஒட்டினார். கம்ப்யூட்டரின் பக்கவாட்டு மூடியைக் கழற்றினார். கூலரைப் போட்டார்.

சூடு இறங்கத் தொடங்கியது. எழுபது. அறுபத்தைந்து. அறுபதுக்கும் கீழே.

"பாத்தியா?" மாமா இடுப்பில் கையை வைத்துக்கொண்டார்.

"ஏன்னா, முதல் நாளே ஏன் சொல்லலை?" மாமியின் குரலில் அந்த வாரத்தில் முதல் தடவையாகக் குழைவு. சூடு இறங்கிய தைரியத்தில் வேகத்தை இன்னும் ஒரு பிடி ஏற்றினாள். படங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சுத்தமாக விழுந்தன. சனிக்கிழமைக்குள் முடித்துவிடலாம் என்று விரல் விட்டு எண்ணினாள்.

கழற்றிய பக்கத்தைப் பார்த்தபடி நான் உட்கார்ந்திருந்தேன். கார்டின் தகடுகளில் வெள்ளையாக ஏதோ படிந்துகொண்டிருந்தது, காய்ந்த உப்புக் கோடு மாதிரி. கூலர் தொட்டியில் காயும் தண்ணீர் ஓரத்தில் விடுமே, அதே வெள்ளை. நான் கையை நீட்டிக் காட்டி, "மாமி, இங்க..." என்று ஆரம்பித்தபோது புல் தட்டியிலிருந்து ஒரு பொட்டுத் தண்ணீர் காற்றோடு பறந்து வந்து விழுந்தது. பட்டென்று ஒரு சத்தம். பெரிய சத்தம்கூட இல்லை, அப்பளத்தை உடைக்கிற மாதிரி. கம்ப்யூட்டரின் விளக்குகள் எல்லாம் அணைந்தன.

மாமாதான் முதலில் ஸ்விட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கினார். மாமி ஓடிப்போய்த் தலை காயவைக்கும் டிரையரை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"வேண்டாம் மாமி, இன்னும் சூடா?"

டிரையரைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மாமா அட்டைக் குழாயைப் பிரிக்க ஆரம்பித்தார். டேப் ஒவ்வொன்றாகக் கிழிந்தது.

"நீங்க பண்ணினது நல்லதுக்குத்தான்னு எனக்குத் தெரியும்," என்றாள் கடைசியில். "அதான் திட்டக்கூட முடியலை. அது இன்னும் கோபமா வரது."

கம்ப்யூட்டரைப் படுக்கவைத்து, கார்டைக் கழற்றி, பழைய டூத் பிரஷால் அந்த வெள்ளையைத் தட்டி, ஃபேனுக்குக் கீழே வைத்தோம். பகல் முழுக்க அதைத் தொடவில்லை. வீட்டில் யாரோ படுத்துக்கிடக்கிற மாதிரி எல்லோரும் மெதுவாகப் பேசினோம். சாயந்தரம் மாட்டிப் போட்டபோது திரை வந்தது. மாமி சுவாமிப் படத்தின் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான். எதிலோ இருந்த ஈரம் கம்ப்யூட்டரின் விசிறி ஒன்றை மட்டும் கொண்டுபோயிருந்தது. கார்டு பிழைத்தது.

அஷ்வத்துக்கு நடந்ததைச் சொன்னபோது அவன் தலையில் கையை வைத்துக்கொண்டான். "கூலரா? கார்டுமேல கூலரா? அப்பா!"

"அவரை எதுக்குடா சொல்றே? நீ போட்ட நம்பர்தானே? பாறை மாதிரி நின்னுதுன்னியே!"

"நின்னுதும்மா! சத்தியமா நின்னுது. நான் கிளம்பற வரைக்கும் ஒரு தடவைகூடக் கிராஷ் ஆகலை."

மாமா குறுக்கே வந்தார். "எப்படி நிக்காம இருக்கும்? அப்போதான் ஹால் ஜன்னலை ராத்திரி பகலா திறந்து வெச்சிருந்தியே. ரஜாயைப் போர்த்திண்டு விளையாடினே. எனக்கு இருமல் வந்து ரெண்டு வாரம் கிடந்தேன்."

அஷ்வத் தலையிலிருந்து கையை எடுத்தான்.

"அது ஜனவரிம்மா," என்றான் அஷ்வத், மெதுவாக.

ஜனவரியில் தில்லியில் அந்த ஹாலில் மூச்சு விட்டால் புகை வரும். வேகத்தை அவன் குளிரில் அளந்து வைத்துவிட்டுக் குளிர்காலம் முடிவதற்குள் விமானம் ஏறிவிட்டான். அந்த எண்கள் ஒரு ஏப்ரலைக்கூடப் பார்த்ததில்லை.

"இப்போ அங்க எத்தனை டிகிரிடா?"

"எட்டு."

"இங்க நாப்பத்தி நாலு. எட்டு டிகிரியில உக்காந்துண்டு எனக்கு நீ ஹீட்டைப் பாத்துக்கோங்கறே." போனை மாமாவிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். உள்ளே பாத்திரங்கள் பேசின.

வெள்ளிக்கிழமை காலை எல்லா எண்களையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து உட்கார்ந்தாள். இந்த முறை பிள்ளை முதல் நாள் சொன்ன மாதிரியே, ஒரு படி, ஒரு டெஸ்ட். டெஸ்ட் என்று தனியாக ஒன்றை ஓட்டவில்லை. ஸ்டீல் பாத்திரங்களும் கண்ணாடிக் கதவும் இருக்கிற மூலையைத்தான் திரும்பத் திரும்ப வரையவிட்டாள், கார்டுக்கு அதுதான் கஷ்டமான இடம். முதலில் கார்டு குடிக்கிற கரண்டைக் கொஞ்சம் குறைத்தாள். சூடு இறங்கிற்று, வேகமும் ஒரு துளி இறங்கிற்று. பிறகு கோர் வேகத்தை ஒரு சின்னப் படி ஏற்றினாள். இன்னொரு சின்னப் படி. மூன்றாவதில் படம் பாதியில் நின்றது. உடனே ரெண்டு படி கீழே இறங்கிவிட்டாள். மெமரியைத் தொடவேயில்லை.

மத்தியானம் கணக்குப் பார்த்தாள். ஒரு படத்துக்கு ஆகும் நேரம், திங்கட்கிழமை எதையும் தொடாதபோது என்னவாக இருந்ததோ கிட்டத்தட்ட அதேதான்.

"அப்போ நான் புறப்பட்ட எடத்துக்கே வந்து நிக்கறேனா?"

மாலையில் அஷ்வத் சமாதானம் சொன்னான். "இல்லம்மா, சூடு ஒம்பது டிகிரி கம்மி. கிராஷ் ஆகலை. வெயில்ல இதான் ஒழுங்கான செட்டிங். சொல்லப்போனா குளிர்ல எனக்கே நூத்துக்கு ஏழோ எட்டோதான் கூடக் கிடைச்சது."

"நூத்துக்கு ஏழுக்காடா என் வாரம் போச்சு? ஒம்பது டிகிரியை திங்க்ரா வாங்கிப்பானா?"

ஆனால் போனை வைத்ததும் அவள் செய்தது வேறு. முழு நடையை ரெண்டாக வெட்டினாள். வாசலிலிருந்து அடுப்பு மேடை வரைக்கும் நடை. பாக்கிக்கு, நின்ற இடத்திலிருந்து எடுத்த தனிப் படங்கள். வாரம் முழுக்கச் சுத்தமாக விழுந்திருந்த படங்களையும் சேர்த்தால் அதுதான் முடியும். சனிக்கிழமை காலை புறப்படும்போது கடைசிப் படம் விழுந்திருந்தது. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு நானும் திங்க்ரா கடைக்குப் போனேன்.

ரஜௌரி கார்டன் அம்மாள் சோபாவின் நுனியில் உட்கார்ந்து பார்த்தாள். வாசல், அலமாரி, மேடை, ஜன்னல் வெயில். படம் அடுப்போடு நின்றதும், "இவ்வளவுதானா?" என்றாள். மாமி லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்தாள். தனிப் படங்களைக் காட்டினாள். அந்த அம்மாள் ஒரு படத்தில் வெகுநேரம் நின்றாள்.

"இந்த வெயில் என் வீட்டுல இப்படியேதான் விழுது. எப்படித் தெரிஞ்சுது?"

"ஜன்னல் எந்தப் பக்கம்னு அளவுல போட்டிருந்ததே," என்றாள் மாமி ஹிந்தியில்.

"அப்போ ஃபிரிட்ஜ் இங்க வேண்டாம், வெயில் படும். அந்தப் பக்கம் வெச்சு, மிச்ச நடையையும் போட்டுக் காட்டுங்க."

திங்க்ரா மாமியைப் பார்த்தார். "ஷாம் தக் ஹோ ஜாயேகா? சாயந்தரத்துக்குள்ள ஆயிடுமா?"

இதுவரை அந்தக் கேள்விக்கு மாமி ஆகும் என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறாள். ஆகாது என்று தெரிந்த நாட்களிலும்.

"ஷாம் தக் நஹீ," என்றாள். "நாளைக்கு மத்தியானம்."

திங்க்ரா உதட்டைப் பிதுக்கினார். ஆனால் அந்த அம்மாள், நாளைக்குத்தான் வீட்டுக்காரருக்கு லீவு, அப்போது சேர்ந்தே வருகிறோம் என்று எழுந்துவிட்டாள். அவள் போனபின் திங்க்ரா சாய் வரவழைத்தார். மாமி ரெண்டு வாய் குடித்ததும் சொன்னார்: "இந்த கிச்சன் உங்களோடது பெஹன்ஜி. இந்த மாதிரி பெரிய பார்ட்டி உங்களுக்குத்தான். அவசர ஆர்டர் எல்லாம் இனிமே மோஹித் பாத்துப்பான். சரிதானே, டீக் ஹை?"

மாமி டீக் ஹை என்றாள். வேறு என்ன சொல்வது?

மெட்ரோ ஸ்டேஷனுக்கு நடந்தாள். தலைமேல் முந்தானையைப் போட்டிருந்தாள். அதன் விளிம்புகூடச் சுட்டது. படியேறும்போது நின்றாள்.

"அவசரம் இல்லாத கிச்சன் தில்லியில எங்கடா இருக்கு? பத்துல எட்டு ஆர்டர் இன்னிக்கே வேணுங்கறதுதான். பெரிய பார்ட்டி ரெண்டை எனக்குக் கொடுத்துட்டு மீதியை அவனுக்குக் கொடுத்துட்டான். நானும் சாயைக் குடிச்சுண்டு தலையை ஆட்டிட்டு வந்தேன்."

"ஆனா முழுசாப் போகலையே மாமி."

"போகலை." வண்டி வந்தது. உட்கார இடம் கிடைத்ததும் கைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து, திங்க்ரா கடை விளம்பரத் தாளின் பின்பக்கத்தில் அந்தச் சமையலறையைக் கோடு கோடாகப் போட்டாள். ஃபிரிட்ஜை இந்தப் பக்கம் நகர்த்தினாள். கதவு திறக்க இடமில்லை. அந்தப் பக்கம் நகர்த்தினாள். ஜன்னலிலிருந்து விழும் வெயிலை ஒரு சாய்கோடாக இழுத்து, அது எங்கே போய் முட்டுகிறது என்று பார்த்தாள். கோட்டின் முனை ஃபிரிட்ஜுக்கு ஒரு விரற்கடை முன்னால் நின்றது.

"ஃபிரிட்ஜ் நகர்ந்தா பாதி படத்தை மறுபடி போடணும். நாளைக்குன்னு சொல்லியிருக்கக் கூடாது," என்றாள், தாளிலிருந்து தலையைத் தூக்காமல். "நாளன்னிக்குன்னு சொல்லியிருக்கணும்."